குப்பைக் கீரையும் குணபாடமும்

ஐப்பசி மழை சற்றே ஓய்ந்து இரண்டு நாள் வெயில் காய்ந்ததும், தமிழ்நாட்டுக் கிராமங்களின் குப்பைமேட்டிலும், தொழுவத்தின் பின்புறத்திலும், இடிந்த குட்டிச்சுவரின் அடியிலும், ஒருவரும் விதைக்காமலும் நீர் பாய்ச்சாமலும் தாமே முளைத்தெழும் பூண்டுகளுள் வேளை என்பது ஒன்று. நல்வேளை என்றும் தைவேளை என்றும் வைத்தியர்கள் இதனைக் குறிப்பிடுவார்கள். காம்பின் தலையில் ஐந்து சிற்றிலைகள் விரிந்திருக்கும். தொட்டால் விரலில் லேசாக ஒட்டும். கசக்கினால் கடுகின் காரத்தைச் சேர்ந்த ஒரு நெடி மூக்கில் ஏறும். நுனியில் வெள்ளைப் பூக்கள் கொத்தாகப் பூத்து, அவற்றின் கேசரங்கள் இதழ்களையும் கடந்து நீண்டு நிற்கும். வழியிற் செல்வோர் இதனை ஒரு களையென்றே எண்ணிக் கடந்து போவார்கள். ஆயினும் இந்தச் சிறு செடி சங்கத் தமிழ்க் கவிதையிலேயே இடம்பெற்றிருப்பதும், இடம்பெற்ற பாட்டுக்களில் ஒன்றுக்கொன்று நேர்மாறான இரண்டு முகங்களோடு காட்சியளிப்பதும், விளைவிக்காத கீரைகளையும் மூலிகைகளையும் நம் மக்கள் அன்றாட வாழ்க்கையில் பழகிக்கொண்ட வரலாற்றை ஆராய்கிறவனுக்கு மிகவும் பிரயோஜனமான விஷயமாகும்.

ஓய்மானாட்டு நல்லியக்கோடன்மீது இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில் ஒரு பாணர் வீட்டு அடுக்களையைக் காண்கிறோம். கூரை இற்று விழுந்திருக்கிறது. கறையான் அரித்த சுவரில் காளான் பூத்திருக்கிறது. புதிதாக ஈன்ற நாய், பாலில்லாத தன் மடியைக் குட்டிகள் கவ்வுவதைப் பொறுக்கமாட்டாமல் குரைக்கிறது. அந்த வீட்டுப் பெண் தன் நகத்தால் கிள்ளிவந்த குப்பை வேளையை உப்பில்லாமல் வேகவைத்து, அறியாதவர்கள் பார்த்துப் பேசுவார்களே என்று நாணி, வாசற்கதவைச் சாத்திவிட்டுச் சுற்றத்தாரோடு இருந்து உண்கிறாள். புறநானூற்றில் குமணனிடம் சென்ற பெருஞ்சித்திரனாரும் தம் மனைவியின் நிலையை ஏறக்குறைய இதே சொற்சித்திரத்தால் தீட்டியிருக்கிறார். முன்னமே கொய்யப்பட்டு, கொய்த இடத்திலிருந்து மறுபடியும் துளிர்த்த குப்பைக் கீரையின் முற்றாத தளிரை அவள் பறித்து, உப்பும் மோரும் இன்றி வெறும் நீரில் வேகவைத்து, சோறு என்பதையே மறந்து அதனை உண்கிறாள். வறுமையைச் சொல்ல வந்த புலவர், கீரையின் நுனியைக் கிள்ளினால் பக்கத்தில் துளிர் விடும் என்ற நுட்பத்தையும் போகிற போக்கில் நமக்கு அறிவித்துவிடுகிறார். ஒரே செடியிடம் பலமுறை சென்று, ஒவ்வொரு முறையும் வேரைப் பிடுங்காமல் நுனியை மாத்திரம் எடுத்துவந்த கையின் பழக்கம் அந்தப் பாட்டுக்குள் பதிந்திருக்கிறது.

இனி மற்றொரு முகத்தைப் பார்க்கலாம். வடக்கிருக்கத் துணிந்த கோப்பெருஞ்சோழன், தன் நண்பர் பிசிராந்தையார் வாழும் பாண்டி நாட்டின் வளத்தைச் சொல்லும்போது, பொன்னையோ முத்தையோ சொல்லவில்லை. எருப்படிந்த தெருவோரத்தில் செழித்த வேளையின் வெண்பூவை வெண்தயிரில் இட்டு ஆய்மகள் ஆக்கிய புளித்த கூழையும், குற்றிய வரகரிசிச் சோற்றையும், அவரை கொய்கிறவர்கள் வயிறார உண்ணும் நாடு அது என்று சொல்லுகிறான். செடி அதே செடி. முளைத்த இடமும் அதே போன்ற எருமேடு. ஓரிடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு உண்ட உணவு, இன்னோரிடத்தில் ஓர் அரசன் வாயால் நாட்டின் பெருமையாகப் பேசப்படுகிறது. இடையில் வந்து சேர்ந்தவை தயிரும், கூடவே ஒரு பிடி வரகும் மாத்திரமே.

அந்தத் தயிரை ருசிக்காக மட்டும் சேர்த்ததாக நான் கருதவில்லை. வேளைக் கீரையில் இயற்கையாகவே ஒரு கசப்பு உண்டு. வெறும் நீரில் வெந்தால் அது நாவில் தங்கும். பாலும் தயிரும் அந்தக் கசப்பை அடக்கும். கிழக்கு ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டு மக்கள் இதே செடியைக் கீரையாகப் போற்றி, பாலிலும் புளித்த பாலிலும் இட்டுச் சமைத்து உண்கிறார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு கிழவியும் பாண்டி நாட்டு ஆய்ச்சியும் ஒருவரையொருவர் அறியாமலே, கசப்பும் புளிப்பும் ஒன்றையொன்று தணிக்கும் என்ற ஒரே உண்மைக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். இத்தகைய அறிவு எந்த ஆசிரியனாலும் உபதேசிக்கப்பட்டதன்று. அடுப்படியில் பல தலைமுறை ஸ்திரீகள் சுவைத்தும் துப்பியும் மறுபடி சுவைத்தும் கண்டது.

உழாமல் விளைந்தவற்றைப் புகழ்ந்து பாடிய புலவரும் உண்டு. பாரியின் பறம்புமலையை மூவேந்தரும் முற்றுகையிட்டபோது, முற்றுகையால் அந்த மலையைப் பட்டினி போட முடியாது என்று கபிலர் சொன்னார். மூங்கில் நெல்லும், பலாப்பழமும், வள்ளிக்கிழங்கும், தேனுமாகிய நான்கு விளைவுகளை உழவர் உழாமலே அந்த மலை தருகிறது என்பது அவர் காட்டிய காரணம். இங்கே காட்டுணவு அரசியல் பலமாகவே விளங்குகிறது. ஆனால் ஒக்கூர் மாசாத்தனார் பாடிய பாட்டில் வரும் கைம்பெண்ணுக்கோ, இளமையில் தழையாடையாக உதவிய ஆம்பல், கணவனை இழந்தபின் அல்லியரிசியாக உதவுகிறது. சோறு விலக்கப்பட்டவளுக்கு நீர்க்குளத்து விதை ஆகாரமாயிற்று. பசித்தவர்களும் விலக்கப்பட்டவர்களும் தேடிச் சென்றதனால், இந்த உணவுகளின்மேல் ஆதிமுதல் ஒரு களங்கம் படிந்துவிட்டது. அந்தக் களங்கமே இவற்றைப் பற்றிய அறிவு சபையேறாமற் போனதற்கு முதற்காரணம் என்பது என் அபிப்பிராயம். பஞ்சமும் படையெடுப்பும் செய்யாத கேட்டை இந்த நாணம் செய்திருக்கிறது.

சபையேறாவிட்டாலும் அந்த அறிவு அழிந்துபோகவில்லை. களையெடுக்கும் நிலத்தில் உயிரோடிருந்தது. நத்தத்தனாரின் இடைக்கழிநாடு இன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கடற்கரையோரத்தைச் சேர்ந்தது. அதற்கு மேற்கே செய்யாறு, வந்தவாசி, ஆரணிப் பக்கங்களில் மல்லாட்டைக் கொல்லையிலும் கேழ்வரகுக் கொல்லையிலும் களையெடுக்கச் செல்லும் பெண்கள், வேலை முடிந்து திரும்புகையில் மடி நிறையக் கீரையோடு வருவதை நான் கண்டிருக்கிறேன். அதற்குக் கலவைக்கீரை என்று பெயர். தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, குப்பைக்கீரை, சாரணை, கானாம்வாழை, கோவைக் கொழுந்து, முடக்கத்தான் கொழுந்து, ஈரம் நின்ற இடமானால் புளியாரை என்று பலவும் அதில் கலந்திருக்கும். கலவை என்பதனால் கைக்கு அகப்பட்டதையெல்லாம் அள்ளிப் போடுவார்கள் என்று எண்ணுவது தவறு. செய்யாற்றுக்குச் சமீபத்தில் ஒரு கொல்லையில் கிழவி ஒருத்தி தன் பேத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு களைக்கொத்தால் கொத்திக்கொண்டே சென்றாள். வலக்கை களையைப் பெயர்த்து வரப்பில் எறியும். இடக்கை அவற்றுள் உண்ணத்தக்கதன் தலையை மாத்திரம் கட்டைவிரல் நகத்தால் கிள்ளி மடியில் போட்டுக்கொள்ளும். இரண்டு கையும் ஒன்றையொன்று எதிர்பாராமல் நடந்தன. சிறுமி பூத்த பண்ணைக்கீரை ஒன்றை முழுத்தண்டோடு ஒடித்து நீட்டினாள்.

“பூ வுட்டா நார் ஏறிப்புடும் கண்ணு. நுனிய மட்டும் கிள்ளு.”

“ஆயா, சாரண இவ்ளோ கெடக்குதே, இதையே பறிச்சுக்கலாமா?”

“அது ஒரு பிடி போதும். மிஞ்சினா வயித்தால போவும். புளியாரையும் அப்பிடித்தான், ருசிக்கு நாலு தழ.”

இந்தச் சில வார்த்தைகளில் ஒரு சாஸ்திரத்தின் அத்தியாயமே அடங்கியிருக்கிறது. எந்தப் பருவத்தில் எந்தப் பாகம், எது மிகுதி, எது கொஞ்சம், கசப்புக்கு எது துணை, குளிர்ச்சிக்கு எது மாற்று என்ற கணக்கெல்லாம் அந்த மடியில் சேரும்போதே தீர்ந்துவிடுகின்றன. வீட்டில் அதனை நாலு தண்ணீரில் அலசி, ஒரு பிடி காராமணியோ துவரம்பருப்போ வேகும் மண்சட்டியில் போட்டு, பச்சைமிளகாயும் பூண்டும் கொஞ்சம் புளியும் சேர்த்து மத்தால் கடைந்து, கேழ்வரகுக் களிக்குத் தொட்டுக்கொள்வார்கள். பருப்பும் தானியமும் கீரையும் ஒருங்கே கூடிய அந்த ஆகாரத்தைப் போஷாக்கு சாஸ்திரிகள் இன்று எவ்வளவு பாராட்டினாலும் தகும். பறித்த பெண்களோ அன்றைக்குக் குழம்புக்குக் காசில்லாமையால் பறித்ததாகவே சொல்லிக்கொள்வார்கள்.

நல்லதை அறிவதைக் காட்டிலும் பொல்லாததை அறிவதே இந்தக் கல்வியில் கடினமான பகுதி. செங்காந்தள் என்று கவிகள் புகழ்ந்த கொடியின் கிழங்கு, கலப்பையைப்போல் வளைந்து, வள்ளிக்கொடி படரும் அதே வேலியின் அடியில் கிடக்கும். கலப்பைக் கிழங்கென்றும் கார்த்திகைக் கிழங்கென்றும் வழங்கும் அதனை உண்ணும் கிழங்கென்று மயங்கி உண்டு மாண்டவர்கள் ஈழத்திலும் இந்தியாவிலும் உண்டென்பதை மருத்துவ ஏடுகள் பதிவு செய்திருக்கின்றன. கொடி காய்ந்துபோன கோடையில் கிழங்கை மாத்திரம் கண்டு தோண்டுகிறவனுக்கே இந்த அபாயம் அதிகம். கொடி பசுமையாக இருக்கையில் இலை நுனி பற்றுக்கம்பியாகச் சுருண்டிருப்பதைக் கொண்டு கண்டுகொள்ளலாம். ஒடுவந்தழையும் குன்றிமணி விதையும் எத்தகையவை என்பதைக் கிராமத்துக் குழந்தைகள் எழுத்தறியுமுன்பே அறிந்திருந்தார்கள்.

நஞ்சுக்கும் உணவுக்கும் நடுவில் நிற்பவை பல. அவற்றைப் பழக்கி உணவாக்கிய வழிகளே எனக்கு மிகுந்த வியப்பைத் தருகின்றன. கருணைக்கிழங்கில் ஊசி போன்ற நுண்ணிய படிகங்கள் இருப்பதால் நாவும் தொண்டையும் அரிக்கும். அரிசி கழுவிய நீரிலும் புளியிலும் வேகவைத்தால் அடங்கும். படிகம் என்ற பேச்சே இல்லாத காலத்தில் அதற்குப் பரிகாரம் கண்டார்கள். மணத்தக்காளி வகையை ஐரோப்பியர் நெடுங்காலம் நஞ்சென்று அஞ்சி விலக்கினார்கள். பச்சைக் காயில் அந்தத் தன்மை ஓரளவு உண்டு என்பதும் மெய்யே. நம்மவர்கள் இலையைப் பருப்போடு வேகவைத்தார்கள்; பழுத்ததைக் குழந்தைகளுக்குத் தின்னக் கொடுத்தார்கள்; காயை மட்டும் உப்பிட்ட மோரில் ஊறப்போட்டு, வெயிலில் உலர்த்தி, மறுபடி ஊறப்போட்டு, மறுபடி உலர்த்தி வற்றலாக்கிக் கொஞ்சமாகப் பயன்படுத்தினார்கள். சுண்டைக்காய்க்கும் இதே கதி. பிரண்டையை நறுக்குமுன் கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும். கணுவை நீக்கி, நாரை உரித்து, எண்ணெயில் நன்றாக வதக்கி, புளியோடு அரைக்கவேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் துவையல் நாக்கை அரிக்கும். தூதுவளைக்குத் தண்டில் மாத்திரமன்று, இலையின் நடுநரம்பிலும் கொக்கி முள் இருக்கிறது. அதனை இலைக்கு இலை விரலால் தடவிப் பார்த்து அரிவாள்மணையில் சீவி எறிய ஒரு நாழிகை பிடிக்கும். பொறுமையில்லாத வீட்டில் தூதுவளை ரசம் கிடையாது.

மூலிகைகளைப் பற்றி நூலெழுதியவர்கள் நம் நாட்டில் குறைவல்லர். சித்த வைத்திய நூல்கள் பெரும்பாலும் செய்யுளாகவே அமைந்தன. பதார்த்த குண சிந்தாமணி போன்ற நூல்கள் தண்ணீர் முதற்கொண்டு கீரை, காய், கிழங்கு ஈறாக ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் குணத்தைப் பாடிவைத்தன. நாவில் ஏறிய பாட்டுக்கு ஏடு வேண்டியதில்லை. தஞ்சையில் 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் தன்வந்திரி மகால் என்ற வைத்தியசாலையை ஏற்படுத்தி, அநுபவத்தில் கைகண்ட முறைகளைத் திரட்டித் தமிழ்ச் செய்யுளாக்குவித்தார். சரபேந்திர வைத்திய முறைகள் என்ற பெயரோடு அவை பிற்காலத்தில் அச்சாயின. வடலூரில் 1867-ல் தருமச்சாலை நிறுவிப் பசித்தவர்க்குச் சோறிட்ட இராமலிங்க அடிகள், அதே கருணையால் மூலிகை குண அட்டவணை ஒன்றையும் தொகுத்தார். கரிசலாங்கண்ணி, தூதுவளை, முசுமுசுக்கை, சீரகம் ஆகியவற்றைக் கொண்டு காலையில் அருந்தும் பானத்தை எல்லாரும் செய்துகொள்ளும்படி எளிமையாகச் சொன்னவரும் அவரே. முதல் மூன்றும் வரப்பிலும் வேலியிலும் கிடைப்பவை. விலைகொடுத்து வாங்கவேண்டியது சீரகம் ஒன்றுதான். ஏழையின் குப்பைமேட்டுக்கும் ஞானியின் உபதேசத்துக்கும் இடையிலிருந்த தூரத்தை அவரைப்போலக் குறைத்தவர் வேறொருவரை நான் அறியேன்.

மேல்நாட்டாரும் இந்த அறிவை நாடி வந்தார்கள். 1690-களில் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் வைத்தியராக இருந்த சாமுவேல் பிரௌன், சுற்றுப்புறத்துச் செடிகளை உலர்த்தித் தமிழ்ப் பெயர்களோடு லண்டனுக்கு அனுப்ப, அங்கே ஜேம்ஸ் பெட்டிவர் அவற்றை ராயல் சொஸைட்டியின் சஞ்சிகையில் வெளியிட்டார். கும்பினி வைத்தியரான ஒயிட்லா எயின்ஸ்லி 1813-ல் சென்னையிலேயே ஒரு மருந்துநூலை அச்சிட்டு, அதனை விரித்து 1826-ல் லண்டனில் இரண்டு பாகங்களாக வெளிப்படுத்தினார். அவற்றில் மருந்துகளின் தமிழ்ப் பெயர்கள் கவனமாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன. பின்னர் சென்னையில் வைத்தியத் தொழில் நடத்திய மொஹிதீன் ஷெரீப், 1869-ல் இந்திய மருந்து நூலுக்கு அநுபந்தம் எழுதி, ஒரே மருந்துக்குப் பல பாஷைகளில் வழங்கிய பெயர்களை ஒப்பிட்டுக் குழப்பம் தீர்த்தார். ஆனால் இந்தப் பெயர்களையெல்லாம் அவர்களுக்குச் சொன்னவர்கள் யார்? மலையாளக் கரையில் வான் ரீடு என்ற டச்சு அதிகாரி தொகுப்பித்த ஹோர்ட்டஸ் மலபாரிகஸ் என்னும் பன்னிரண்டு பாகங்கொண்ட நூலின் முதற்பாகத்தில், 1678-லேயே, இட்டி அச்சுதன் என்ற வைத்தியரின் கையொப்பச் சான்று அவருடைய எழுத்திலேயே அச்சாகியிருக்கிறது. சோழமண்டலக் கரையில் எந்த நாட்டு வைத்தியனுக்கும் அத்தகைய மரியாதை கிடைத்ததாகத் தெரியவில்லை. காட்டிலிருந்து வேரைத் தோண்டிக்கொடுத்த இருளருக்கோ, வரப்பிலிருந்து தழையைக் கிள்ளிக்கொடுத்த கிழவிக்கோ அதைப் பற்றிக் கனவு காணவும் இடமில்லை.

சுதேச வைத்தியத்தை ஆராயச் சென்னை அரசாங்கம் 1921-ல் அமைத்த உஸ்மான் குழுவுக்குப் பிறகு சித்த வைத்தியம் கல்லூரிப் பாடமாகும் வழி திறந்தது. க. ச. முருகேச முதலியாரின் குணபாடம் மூலிகை வகுப்பு 1936-ல் வெளிவந்து, இன்றுவரை மாணவர்களின் கையில் இருக்கிறது. செடியின் பேதப் பெயர்கள், சுவை, வீரியம், செய்கை, எந்த நோய்க்கு எந்த அநுபானம் என்பவற்றை அந்நூல் வகுத்துரைக்கும் ஒழுங்கு போற்றத்தக்கது. எனினும் இந்நூல்கள் அனைத்துக்கும் பொதுவான ஒரு குறையைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. நோய் வந்தபின் கொடுக்கும் மருந்து விரிவாக இருக்கிறது. நோயில்லாத நாளில் கலயத்தில் கடைந்த கீரை சுருக்கமாக இருக்கிறது. வைத்தியன் அறிந்தது ஏட்டிலேறியது. அவன் மனைவி அறிந்தது ஏறவில்லை.

அந்த அறிவு லட்சக்கணக்கான உயிர்களுக்கு ஆதாரமாயிருந்த கொடிய காலம் 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த தாது வருஷப் பஞ்சம். தென்னிந்தியாவையும் மேற்கிந்தியாவையும் வாட்டிய அந்த க்ஷாமத்தில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நிவாரண வேலை செய்த கூலிகளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியத்தை அளவாக வைத்து இந்திய அரசாங்கத்தின் பிரதிநிதி ஸர் ரிச்சர்டு டெம்பிள் கூலியைக் குறைத்தபோது, உடலுழைப்புக்கு அது போதாது என்று சென்னை சுகாதார கமிஷனர் கார்னிஷ் வாதாடினார். வாதம் நடந்துகொண்டிருந்த மாதங்களில் ஜனங்கள் புளியங்கொட்டையை வறுத்து ஊறவைத்துத் தின்றார்கள். கற்றாழைக் குருத்தை வேகவைத்து நீரை வடித்துத் தின்றார்கள். குளம் வற்றிய இடத்தில் கொட்டிக்கிழங்கும் அல்லிக்கிழங்கும் தோண்டினார்கள். சப்பாத்திக்கள்ளிப் பழத்தை மணலில் புரட்டிச் சுணை போக்கித் தின்றார்கள். மழையில்லாத ஆண்டில் கீரையும் முளைப்பதில்லை என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். பஞ்சகாலத்துக் காட்டுணவு என்பது பெரும்பாலும் கிழங்கும் விதையும் கள்ளியுமே. பழகாத ஊரார் முறையறியாமல் உண்டு கழிச்சலால் மாண்டதும் உண்டு. பஞ்சம் தீர்ந்த சில ஆண்டுகளுக்குள், 1882-ல் சென்னை வனச்சட்டம் வந்தது. காப்புக்காடுகளாக வரையறுக்கப்பட்ட இடங்களில் தேனும் கிழங்கும் பட்டையும் சர்க்காரின் உடைமையாகி, குத்தகைக்காரனின் அனுமதிக்கு உட்பட்டன. கபிலர் பாடிய நான்கு விளைவுகளுக்கும் சீட்டு வேண்டியதாயிற்று. மலையில் வாழ்ந்தவர்களுக்கு இதனால் உணவு மாத்திரமன்று, பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டிக்கொடுக்கும் பள்ளிக்கூடமும் பறிபோயிற்று.

இவ்வளவு இடர்களுக்கு நடுவிலும் நம் கிராமத்தார் கற்பதை நிறுத்திவிடவில்லை என்பதற்கு ஒரு சாட்சி காட்டுகிறேன். களையெடுக்கையில் விரல் வெட்டுப்பட்டால், சற்றும் யோசிக்காமல் பக்கத்திலிருக்கும் ஒரு சிறு பூண்டைப் பறித்துக் கசக்கிச் சாற்றைப் பிழிந்து கட்டுவார்கள். வெட்டுக்காயப் பூண்டென்றும் கிணற்றுப்பாசான் என்றும் இதற்குப் பெயர். நீண்ட காம்பின் தலையில் வெள்ளையும் மஞ்சளுமான இதன் பூவைத் தாத்தாப்பூ என்று குழந்தைகள் நுனியைச் சுண்டி விளையாடுவார்கள். நம் மண்ணுக்கே உரியது என்று எல்லாரும் எண்ணும் இந்தச் செடியின் பிறப்பிடம் அமெரிக்காவின் வெப்பநாடுகள். கப்பலேறி வந்த இதனை அகத்தியர் பாடியிருக்க இயலாது. தேரையர் கண்டிருக்க இயலாது. முள்ளுக்கீரையும் அந்தக் கண்டத்திலிருந்தே வந்தது. அப்படியானால் இவற்றைக் கண்டு, தொட்டு, கசக்கி, புண்ணில் இட்டுப் பார்த்து, உலையில் போட்டுப் பார்த்து, பெயரும் சூட்டிய முதல் ஆள் யார்? சில நூறு ஆண்டுகளுக்குள் ஓர் அந்நியச் செடி வீட்டு மருந்தாக வளர்ந்த அந்த வேகத்தை நினைக்கையில், நாட்டு மூலிகையறிவு என்பது முன்னோர் வைத்துப்போன பழம்பொருளென்று பேசுவோர் அதன் உயிரை அறியாதவர்கள் என்றே தோன்றுகிறது. பண்டைக்காலத்தில் எப்படிக் கண்டார்களோ, அப்படியே நேற்றும் கண்டிருக்கிறார்கள்.

ஆசாரமும் இந்த அறிவைத் தன்னால் இயன்ற அளவுக்குக் காத்தது. ஏகாதசி உபவாசமிருந்து துவாதசியன்று காலையில் பாரணை செய்வோர் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சுண்டைக்காயும் சேர்த்துக்கொள்ளவேண்டும் என்பது விதி. வெறும் வயிற்றுக்கு ஏற்ற துவர்ப்பும் கசப்பும் அந்த இலையில் வந்து சேரும். மருந்துண்ணும் நாளில் அகத்தி ஆகாது, அது மருந்தை முறித்துவிடும் என்ற விலக்கையும் பாட்டிகள் மறவாமல் சொல்லுவார்கள். யாழ்ப்பாணத்தில் முடக்கொத்தான், தூதுவளை, வல்லாரை முதலிய இலைகளின் சாறு சேர்த்த இலைக்கஞ்சியைக் காலையில் குடிக்கும் வழக்கம் உண்டு. முசுட்டை இலையையும் குறிஞ்சா இலையையும் பொடியாக அரிந்து தேங்காய்ப்பூவோடு வறை செய்வார்கள். அங்கே இது வறியவர் உணவென்ற நாணம் குறைவு. வசதியுள்ள வீட்டிலும் வேலியோரத்து இலை உரிய மரியாதையோடு உள்ளே வருகிறது. அதனாலேயே பல இலைகளின் பெயர்களும் பக்குவங்களும் அங்கே படித்த பெண்களிடமும் நிலைத்திருக்கின்றன என்று நினைக்கிறேன்.

இந்தப் பக்கத்திலோ, 1960-களுக்குப் பின் குட்டை நெல்லும் ரசாயன உரமும் பரவியதைத் தொடர்ந்து களைக்கொல்லியும் வந்தது. களையெடுக்கும் ஆட்கூலி மிச்சமாயிற்று என்று நிலக்காரர் கணக்கிட்டார். அவர் பேரிலும் குற்றமில்லை, விளைச்சலின் விலை அவரை அப்படிக் கணக்கிட வைத்தது. மிச்சமான கூலியோடு மடியிலேறிய கீரையும் போயிற்று. பேத்தியைக் கூட்டிச் செல்லக் களையெடுப்பே இல்லாதபோது, தொய்யக்கீரையையும் சாரணையையும் அவளுக்குக் காட்டுவது எங்கே? நகரத்துச் சந்தைகளில் முடக்கத்தானும் தூதுவளையும் பிரண்டையும் இப்போது கட்டுக்கட்டாக விலைக்கு வருகின்றன. அவற்றின் மருத்துவ குணத்தைப் பத்திரிகையில் படித்தவர்கள் தேடி வாங்குகிறார்கள். அதனால் சில இடங்களில் அவற்றைப் பாத்திகட்டிப் பயிரிடவும் தொடங்கியிருக்கிறார்கள். இது நல்ல காரியமே. ஆனால் மருந்தென்று பெயரெடுக்காத எளிய கீரைகளைக் கேட்டு வாங்குவார் இல்லை. வெறும் பசிக்கு உதவியவை என்பதே அவற்றுக்குக் குறையாகிவிட்டது.

வடாற்காட்டுப் பக்கத்துக் கிராமங்களில் மழைக்குப்பின் இன்னும் சில பெண்கள் கலவைக்கீரை பறிக்கப் போகிறார்கள். அவர்கள் பாட்டிகள் அறிந்திராத பாடமொன்றை இவர்கள் புதிதாகக் கற்றிருக்கிறார்கள். வரப்பில் கை வைக்குமுன் நிலக்காரரிடம் மருந்தடித்ததுண்டா என்று கேட்கிறார்கள். கேட்க ஆளில்லையானால் புல்லின் நுனியைப் பார்க்கிறார்கள். வரப்பின் ஒரு பக்கத்துப் புல் மாத்திரம் வரிசையாக மஞ்சளித்துச் சுருண்டிருந்தால், பக்கத்தில் எவ்வளவு கொழுந்தான பண்ணைக்கீரை நின்றாலும் தொடுவதில்லை. கோவில் நிலத்துத் தரிசுக்கோ, ஏரிக்கரைக்கோ, ஊர்ப்பொது மந்தைவெளிக்கோ நடந்துபோய், அங்கே முளைத்ததைக் கிள்ளிக்கொண்டு வருகிறார்கள்.